அம்மாவுக்கு ஒரு டார்ச்: கடிகாரத்தில் போடும் பேட்டரிக் கட்டையிலேயே ஓட வேண்டும், 500 ரூபாய்க்குள்

வேதாரண்யத்தான்:

வணக்கம். வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 68. மாட்டுக்கொட்டகையும் கழிப்பறையும் வீட்டுக்குப் பின்னால் நாற்பது அடி தள்ளி. ராத்திரியில் இரண்டு தடவையாவது எழுந்து போவார். நடுவில் வைக்கோல் போர் இருக்கிறது, பாம்பு பயம் உண்டு.

போன வருஷம் சுவரில் சொருகி சார்ஜ் போடும் டார்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எட்டு மாதம் நன்றாக எரிந்தது. இப்போது ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டாலும் பத்து நிமிஷத்தில் மங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்ற முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் எங்கள் பக்கம்தான் கரை கடந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அப்போதும் வீட்டில் இருந்தது சார்ஜ் டார்ச்தான், மூன்றாம் நாள் அணைந்தது. பெட்டிக்கடையில் கட்டை கிடைத்தது. அதைப் போட டார்ச் இல்லை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

அதனால் இந்தத் தடவை சார்ஜ் சமாச்சாரமே வேண்டாம். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் டபுள் ஏ, டிவி ரிமோட்டில் ட்ரிபிள் ஏ. இந்த இரண்டில் ஒன்றில் ஓடுவதாக 500 ரூபாய்க்குள் எது வாங்கலாம்?

மின்பணியாளன்:

கட்டையை முதலில் முடிவு செய்துவிட்டு டார்ச்சைத் தேடுவது சரியான வழி. பலரும் தலைகீழாகச் செய்வார்கள்.

ட்ரிபிள் ஏ வேண்டாம், டபுள் ஏ எடுங்கள். கடைகளில் அதிகம் தொங்குவது மூன்று ட்ரிபிள் ஏ போடும் அலுமினிய டார்ச்தான். மூன்று கட்டை என்றதும் சக்தி அதிகம் என்று தோன்றும். ஆனால் ஆல்கலைன் வகையில் ஒரு ட்ரிபிள் ஏவின் கொள்ளளவு தோராயமாக 1000 மில்லி ஆம்பியர் மணி, ஒரு டபுள் ஏ 2000க்கு மேல். இரண்டு டபுள் ஏவில் இருக்கும் சரக்கு மூன்று ட்ரிபிள் ஏவில் கிடையாது.

அந்த வகையில் இன்னொரு தொல்லையும் உண்டு. மூன்று கட்டையையும் ஒரு பிளாஸ்டிக் கூண்டில் சொருகி, கூண்டை டார்ச்சுக்குள் விடவேண்டும். என்னிடம் பழுதுக்கு வந்த டார்ச்சுகளில் பாதிக்கு மேல் அந்தக் கூண்டுதான் நோயாளி. மெல்லிய தகடு, ஒரு முறை கீழே விழுந்தால் வளையும், தட்டினால் எரியும், மறுபடி அணையும். ஒவ்வொரு கட்டைக்கும் எந்தப் பக்கம் பிளஸ் என்று கூண்டில் இருக்கும் சின்னக் குறியைத் தேடவேண்டும். 68 வயதில், கரண்ட் இல்லாத ராத்திரியில் அம்மா அதைத் தேடுவாரா? ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டபுள் ஏ போடும் குழல் டார்ச் என்றால் இரண்டுக்கும் மொட்டு முன்பக்கம், அவ்வளவுதான். கை தடவியே போட்டுவிடலாம்.

போன வருஷத்து டார்ச் ஏன் செத்தது என்றால், மலிவு சார்ஜ் டார்ச்சுகள் பலவற்றில் உள்ளே ஈய-அமில பேட்டரி இருக்கும். அதைக் காலியாக விட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரம் கெட்டுவிடும். உங்கள் அம்மா மேல் தப்பில்லை.

வரப்புநடை:

நான் விவசாயி. மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதுதான் மோட்டார் போட முடியும், ராத்திரி ஒரு மணிக்குக் கூட மடை திருப்பப் போவேன். என் கையில் இருப்பது இரண்டு பெரிய கட்டை போடும் டார்ச். அப்பா காலத்துப் பித்தளை டார்ச் இல்லை, பிளாஸ்டிக்கில் எல்.இ.டி. வைத்தது. பெரிய கட்டையில் டபுள் ஏவைப்போல ஐந்து மடங்குக்குக் குறையாமல் சரக்கு இருக்கும். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அம்மாவுக்கு அதுவே நல்லது என்பேன்.

எது வாங்கினாலும் ஒன்று கவனியுங்கள். தூரம் அடிக்கும் டார்ச் பாம்புக்கு உதவாது. தென்னை மரத்து உச்சி தெரியும், காலடி தெரியாது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். கடித்தால்கூட வலி பெரிதாகத் தெரியாது, அதுதான் ஆபத்து. நமக்கு வேண்டியது காலுக்கு முன்னால் ஆறு அடிக்கு, அகலமாக, ஓரம்வரை சீராக விழும் வெளிச்சம். நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தில் சருகும் மண்ணும் ஒரே நிறமாகத் தெரிகிறது. கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிச்சம் கிடைத்தால் அதை எடுங்கள். காய்ந்த வைக்கோலில் கிடப்பது கயிறா வேறு ஏதாவதா என்று அதில் சட்டென்று தெரியும். இது என் கண் அனுபவம்.

வேதாரண்யத்தான்:

பெரிய கட்டை யோசனை நல்லதுதான் அண்ணா. ஆனால் அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் வலி. ஒரு கையில் செம்பு, ஒரு கையில் டார்ச் என்று போவார். எடை குறைவாக இருந்தால் தேவலை.

இணையத்தில் ஒன்று பார்த்தேன். மூன்று ட்ரிபிள் ஏ, 2000 லூமன், ஜூம் வசதி, ஐந்து விதமாக எரியும், 199 ரூபாய். விலை ஆசையாக இருக்கிறது. இது உண்மையா?

லூமன்கணக்கு:

உண்மையாக இருக்க முடியாது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். லூமன் என்பது டார்ச் கொடுக்கும் மொத்த வெளிச்சத்தின் அளவு.

நல்ல எல்.இ.டி. டார்ச் ஒரு வாட்டுக்கு 100 லூமனை ஒட்டிக் கொடுக்கும். 2000 லூமனுக்கு 20 வாட் வேண்டும். மூன்று ட்ரிபிள் ஏ சேர்ந்து 4.5 வோல்ட். 20 வாட் எடுக்க நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கவேண்டும். ரிமோட்டில் போடும் கட்டையால் ஒரு ஆம்பியரையே அதிக நேரம் தாங்க முடியாது, வோல்ட் படுத்துவிடும். அட்டையில் அச்சடித்த எண்ணுக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

டார்ச்சை அளக்க எஃப்.எல்.1 என்று ஒரு தரமுறை உண்டு, 2009இல் அமெரிக்காவில் வந்தது. அதன்படி, எரியவிட்டு 30 நொடி கழித்துத்தான் லூமனை அளக்கத் தொடங்கவேண்டும். எத்தனை மணி நேரம் எரியும் என்பது, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். எத்தனை மீட்டர் என்பது, வெளிச்சம் கால் லக்ஸாகக் குறையும் தூரம். அது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். ஆகவே ‘100 மீட்டர்’ என்று போட்டிருந்தால், நூறாவது மீட்டரில் நிலா வெளிச்ச அளவுக்குத்தான் தெரியும். அட்டையில் இந்தத் தரமுறையின் பெயர் இருந்தால் எண்களைக் கொஞ்சம் நம்பலாம். மலிவு டார்ச்சில் பெரும்பாலும் இருக்காது.

அம்மாவின் தேவைக்கு வருவோம். நாற்பது அடி நடக்க 50 லூமன் தாராளம். அதற்கு எல்லா நஷ்டமும் சேர்த்து அரை வாட்டைவிடச் சற்று அதிகம் செலவாகும். இரண்டு ஆல்கலைன் டபுள் ஏவில் ஏறத்தாழ 5 வாட் மணி இருக்கும். எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்குப் பத்து நிமிஷம் என்றால் 48 நாள், சரியாக ஒரு மண்டலம். அதற்கு ஒரு தடவை இரண்டு கட்டை மாற்றுவது பெரிய செலவில்லை.

ஜூம் வேண்டாம். தலையை முன்னும் பின்னும் இழுக்கும் இடைவெளியில் மழைத்தண்ணீர் இறங்கும். ஐந்து விதமாக எரிவதும் வேண்டாம். பொத்தானை அழுத்த அழுத்த அதிகம், குறைவு, பிறகு பளிச் பளிச் என்று கண்சிமிட்டல். ராத்திரி அரைத்தூக்கத்தில் அம்மா அழுத்தும்போது கண்சிமிட்டல் வந்தால் தடுமாறிவிடுவார். ஒரு பொத்தான், ஒரு வெளிச்சம் போதும்.

வன்னிமகள்:

எங்கள் பக்கம் ரோச் லைற் என்போம். வவுனியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். 2022 பங்குனி (மார்ச்) கடைசியில் எங்களுக்கு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. சார்ஜ் லைற் வைத்திருந்த வீடுகள் எல்லாம், கரண்ட் வந்திருக்கும் நேரத்தில் எதைச் சார்ஜ் போடுவது, ஃபோனையா லைற்றையா என்று தடுமாறின. நாங்கள் இரண்டு டபுள் ஏ போடும் ஒரு சின்ன ரோச்சை வைத்துச் சமாளித்தோம். பற்றறி விலை ஏறிக்கொண்டே போனதால் ஒவ்வொரு சோடியையும் எண்ணி எண்ணித்தான் பாவித்தோம்.

வாங்கும்போது ரோச்சின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள் அண்ணா. நிமிர்த்தி மேசையில் வைத்தால் வெளிச்சம் முகட்டில் பட்டு அறை முழுக்கப் பரவும். என் மகன் அந்த வெளிச்சத்தில்தான் பரீட்சைக்குப் படித்தான். பொத்தான் அடிப்பக்கம் துருத்திக்கொண்டு இருந்தால் ரோச் நிற்காது, எதையாவது முண்டு கொடுத்து நிறுத்தவேண்டி வரும். பக்கவாட்டில் தள்ளும் பொத்தான் நல்லது. வயதானவர்களுக்கு விரல் பழகியதும் அதுதான்.

புதுச்சேரிக்காரி:

எல்லோரும் ஆல்கலைன் என்கிறீர்கள். சார்ஜ் செய்யக்கூடிய டபுள் ஏ, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, நான்கு வாங்கி, ஒரு சார்ஜரும் வாங்கினால் வருஷக்கணக்கில் ஓடுமே? நான் ஈநலூப் என்ற பிராண்டுக் கட்டை வைத்திருக்கிறேன். தானாகச் சக்தி இறங்குவது ரொம்பக் குறைவு, மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் எரியும். கசிவதும் அரிது. குப்பையும் குறைவு.

மின்பணியாளன்:

உங்கள் வீட்டுக்கு அது சரி. ஆனால் அவர் அம்மா சார்ஜரை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், ஒன்றாகச் சார்ஜ் செய்த ஜோடியைச் சேர்த்தே போடவேண்டும். அவர் எதைவிட்டு ஓடி வந்தாரோ அதே இடத்துக்குத் திரும்பப் போகிறோம். மகன் அருகில் இருந்து பார்த்துக்கொள்ளும் வீடு என்றால் நானும் அதையே சொல்வேன்.

இன்னொரு சிக்கல், இது பலருக்குத் தெரியாது. வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். புது ஆல்கலைன் இரண்டு போட்டால் 3 வோல்ட், எரியும். சார்ஜ் செய்யும் கட்டை ஒன்று 1.2 வோல்ட்தான், இரண்டு சேர்ந்தால் 2.4. மலிவான இரண்டு கட்டை டார்ச் பலவற்றில் எந்த மின்சுற்றும் கிடையாது, கட்டையிலிருந்து நேரே எல்.இ.டி.க்குக் கம்பி. அதில் 2.4 வோல்ட் போட்டால் மின்மினி போலத்தான் எரியும். சில டார்ச்சில் மட்டும் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சின்னச் சுற்று இருக்கும். அதில் எந்தக் கட்டையும் ஓடும், பாதி தீர்ந்த கட்டையும் ஓடும்.

கடையில் நின்றபடியே இதைக் கண்டுபிடிக்கலாம். கடிகாரம் நின்றுபோய் நீங்கள் கழற்றிய பழைய கட்டை இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். பாதி பேரின் வீட்டு இழுப்பறையில் கிடக்கும். அதைப் போட்டுப் பாருங்கள். சுற்று இல்லாத டார்ச் எரியவே எரியாது, அல்லது நூல் மாதிரி எரியும். சுற்று உள்ள டார்ச் கொஞ்சம் மங்கலாகவாவது நடக்கிற அளவுக்கு எரியும். புதுக் கட்டையில் எல்லா டார்ச்சும் பளபளப்பாகத்தான் தெரியும், கடைக்காரர் போட்டுக் காட்டுவதும் புதுக் கட்டைதான். டார்ச்சின் குணம் தெரிவது பழைய கட்டையில்.

தெருவிளக்கு:

சின்ன எச்சரிக்கை. டபுள் ஏ அளவிலேயே 14500 என்று லித்தியம் பேட்டரி விற்கிறார்கள், 3.7 வோல்ட். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதைச் சாதாரண டார்ச்சிலோ கடிகாரத்திலோ போட்டால் சாதனம் போய்விடும். எண்ணைப் படித்து வாங்குங்கள். சாதாரண கார்பன் கட்டையில் ஆர்6 என்றும் ஆல்கலைனில் எல்ஆர்6 என்றும் இருக்கும்.

வரப்புநடை:

கடிகாரத்துக்குக் கார்பன் கட்டையே போதும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்கும். டார்ச்சுக்கு ஆல்கலைன் போடுங்கள், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எதுவானாலும் தீர்ந்த கட்டையை உள்ளே விடக்கூடாது. அப்பாவின் பித்தளை டார்ச் போனது அப்படித்தான். அவர் இறந்த பிறகு பரணில் வைத்துவிட்டோம். இரண்டு வருஷம் கழித்துத் திறக்கப் போனால் மூடி திரும்பவில்லை. சூடு காட்டித் திறந்தேன். கார்பன் கட்டைக்கு வெளியே இருக்கும் துத்தநாகக் கூடே அரித்துப்போய், பழுப்பாக ஒரு கூழ் வடிந்து சுருள் கம்பியைத் தின்றிருந்தது. கட்டை குழலோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. அவர் விரல் தேய்ந்த பொத்தான் மட்டும் அப்படியே இருக்கிறது. எறிய மனமில்லாமல் வைத்திருக்கிறேன்.

லூமன்கணக்கு:

வருத்தமாக இருக்கிறது அண்ணா. ஆல்கலைன் கசிந்தால் வெள்ளையாகப் பூக்கும், அது காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பஞ்சில் தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தால் பல டார்ச்சுகள் பிழைத்துவிடும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுசும் பழசும் கலந்து போடுவதும் கசிவுக்கு ஒரு காரணம். பலவீனமான கட்டையை மற்றது இழுத்து அடியோடு காலி செய்துவிடும்.

வேதாரண்யத்தான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று திருத்துறைப்பூண்டி போயிருந்தேன். இழுப்பறையில் தேடி, நின்றுபோன கடிகாரக் கட்டை இரண்டு எடுத்துப் போனேன். முதல் கடைக்காரர் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தார். பழைய கட்டை போட்டுக் காட்டுங்கள் என்றால் யாருக்கும் புதுசாகத்தான் இருக்கும். ஆனால் மறுக்கவில்லை.

ஐந்து டார்ச் எடுத்து வைத்தார். கடைக்குப் பின்னால் இருட்டான சரக்கு அறைக்குப் போய்ப் பார்த்தோம். இரண்டு எரியவே இல்லை. ஒன்றில் எல்.இ.டி. சிவப்பு ஊதுபத்தி முனை அளவுக்கு மினுங்கியது. நான்காவது எரிந்தது, ஆனால் பொத்தான் அடியில் துருத்திக்கொண்டு இருந்தது, நிற்கவில்லை. ஐந்தாவது தடித்த பிளாஸ்டிக், பக்கவாட்டில் தள்ளும் பொத்தான், அடி தட்டை. பழைய கட்டையில் சாக்கு மூட்டைகளில் எழுதியிருந்ததைப் படிக்கிற அளவுக்கு எரிந்தது. கடைக்காரரே குனிந்து பார்த்தார். விலை 220. அட்டையில் லூமன் எண்ணே போடவில்லை. நான்கு ஆல்கலைன் கட்டையோடு சேர்த்து 400க்குள் முடிந்தது.

ஒரு குறை, வெளிச்சம் நடுவில் கூர்மையாக விழுகிறது, வரப்புநடை அண்ணா சொன்ன அகலம் இல்லை. நிறமும் வெள்ளைதான். இதற்கு ஏதாவது செய்யலாமா?

மின்பணியாளன்:

பால் கவர் இருக்கிறதல்லவா, அதன் அச்சு இல்லாத வெள்ளைப் பகுதியை வட்டமாக வெட்டி, முன்கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு அடுக்கு வையுங்கள். வெளிச்சம் பரவிவிடும். கொஞ்சம் குறையும், நாற்பது அடிக்குப் பாதகமில்லை. கவரை நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் நாறும்.

புதுச்சேரிக்காரி:

இருட்டில் டார்ச்சைத் தேட ஒரு டார்ச் வேண்டியிருக்கும். ரேடியம் ஸ்டிக்கர் ஒரு துண்டு பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மாட்டும் ஆணிக்கு மேலேயும் ஒன்று. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது நான் சென்னையில் இருந்தேன். கரண்ட் போன முதல் ராத்திரி, மெழுகுவத்தி தேடி அலமாரியில் இடித்துக்கொண்ட தழும்பு நெற்றியில் இருக்கிறது. அதிலிருந்து எங்கள் வீட்டில் டார்ச்சுக்கு ஒரே ஆணிதான், யார் எடுத்தாலும் அங்கேயே மாட்டவேண்டும்.

வேதாரண்யத்தான்:

மூன்று வாரம் ஆகிவிட்டது, சொல்லவேண்டும் என்று வந்தேன்.

பால் கவர் வேலை செய்கிறது. வெளிச்சம் பாய் விரித்தது மாதிரி விழுகிறது. வெள்ளை வெளிச்சத்தின் கூச்சமும் குறைந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை ராத்திரி கொட்டகை வாசலில் ஒரு பாம்பு கிடந்ததாம். என்ன பாம்பு என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எட்டு அடி முன்னாலேயே பார்த்து, அசையாமல் நின்றிருக்கிறார். அது வைக்கோல் போர்ப் பக்கம் போன பிறகு திரும்பி வீட்டுக்குள் வந்துவிட்டார். ஃபோனில் இதைச் சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் கை நடுங்கியது.

எடுத்துப் போன பழைய கட்டைகளை ரிமோட் டப்பாவிலேயே வைத்திருக்கிறார். சித்திக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டுமாம். கடைக்காரர் புது சரக்கு வேறு மாதிரி வந்திருக்கிறது என்கிறார். ஆகவே மறுபடி சோதிக்கவேண்டும்.

மின்பணியாளன்:

மாதிரி மாறியிருந்தால் கட்டாயம் சோதியுங்கள். வெளியே அதே பெயர், அதே நிறம் இருந்தாலும் உள்ளே சுற்றை எடுத்துவிட்டு விற்பது உண்டு.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் மூடியைத் திறந்து, கட்டை வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுருள் கம்பியை உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். மழை தொடங்கும்போது வீட்டில் பிரிக்காத கட்டை குறைந்தது நான்கு இருக்கட்டும்.

வேதாரண்யத்தான்:

சொல்லிவிட்டேன் அண்ணா. தினசரி காலண்டரில் புரட்டாசி கடைசித் தாளில் ‘டார்ச்’ என்று அம்மாவே எழுதி வைத்துவிட்டார். சித்தி வீட்டு டார்ச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன், பழைய கட்டையோடு.